எரிந்த கட்டடத்தை முகரமாட்டேன், அக்கா

என் உயிருக்கு உயிரான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நீ போய் இரண்டு ஈஸ்டர் ஆகிவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குப் பூவோடு வந்தேனே தவிர, உன்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்தால் எனக்கு அழுகை வந்துவிடும் என்று அம்மா நினைத்தாள். எனக்கு வந்தது கோபம். இறந்துபோனவர்கள்மேல் கோபப்படலாமா கூடாதா என்று யாரிடம் போய்க் கேட்பது? அதனால் சும்மா இருந்தேன்.

இனிமேல் சும்மா இருக்க முடியாது. ஆபீசில் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை பதில் கொடுக்க வேண்டும். பதில் அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வேலை போய்விடும். அந்தப் பதிலில் உன் பெயர் வரப்போகிறது. உன்னிடம் சொல்லாமல் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. நம்மைப் போல இந்த வேலையில் இருக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதத்தைக் கவருக்குள் போட்டு ஒட்டாமல் விடுகிறேன்.

நம் வேலை என்னவென்று நிறையப் பேருக்குத் தெரியாது. தீயணைப்பு வண்டி திரும்பிப் போன பிறகு, இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக உள்ளே போய், தீ எங்கே பிடித்தது, எதனால் பிடித்தது என்று சாம்பலைக் கிளறிப் பார்க்கிறவர்கள் நாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது நீ அங்கே பதினோரு வருஷம் பழையவள். புகை அடங்கினால் ஆபத்தும் அடங்கிவிட்டது என்று ஆபீஸ் மொத்தமும் நம்பியது. நீயும் நம்பினாய். ஒரு கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொள்வாய். கொஞ்ச நேரத்தில் அதையும் அவிழ்த்து இடுப்பில் செருகிவிடுவாய்.

ஏனென்றால் உனக்கு மூக்குதான் கருவி. ஒரு பிடிச் சாம்பலை அள்ளி, கண்ணை மூடி, ஆழமாக இழுத்துவிட்டு, "மண்ணெண்ணெய் இல்ல, பெயின்ட் தின்னர்" என்பாய். சுற்றி நிற்கிறவர்கள் அசந்துபோவார்கள். ரிப்போர்ட் படிவத்தில் 'வாசனை' என்ற கட்டமே உன்னால் வந்ததுதான். நீ எழுத ஆரம்பித்தாய். பிறகு எல்லோரும் எழுதியே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. அது காலியாக இருந்தால் ரிப்போர்ட் திரும்பி வரும். மாஸ்க் போட்டவர் அந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் மட்டும் யோக்கியமா? கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் உன் கண்ணைக் கட்டிவிட்டு டர்பன்டைன், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று ஒவ்வொன்றாக நீட்டியது யார்? சரியாகச் சொன்னதும் முதலில் கை தட்டியது யார்? சாம்பல் படிந்த சுடிதாரோடு நீ ஸ்கூட்டரில் போலாரத்தில் நம் வீட்டு வாசலில் வந்து இறங்குவாய். ஷைனி ஓடி வந்து உன் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அந்தச் சுடிதாரை உன் மகளின் யூனிஃபார்மோடு சேர்த்து ஊறப்போட்டவள் நான்.

ஒரு தடவை ஃபில்டர் வைத்த நல்ல மாஸ்க் வாங்கி வந்து கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? "ஏட்டி ஹெலன், இதைப் போட்டா எனக்குக் கண்ணைக் கட்டுன மாதிரி இருக்கு. எப்படி வேலை பாக்கச் சொல்லுத?" என்றாய். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அன்றைக்கு உன்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். ஏன் போடவில்லை?

நாற்பத்தாறு வயதில் உனக்கு நுரையீரலில் புற்றுநோய். சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டவளில்லை நீ. இந்த வேலையால்தான் வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "உறுதியா சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். ஆபீஸ்காரர்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்கள்.

இனி இப்போதைய கதைக்கு வருகிறேன். போன மாதம் உப்பலில் ஒரு மெத்தை கோடவுன் எரிந்தது. மறுநாள் காலையில் நானும் யாதகிரி அண்ணாவும் போனோம். உன்னோடு அத்தனை வருஷம் மண்வெட்டி பிடித்த அதே யாதகிரி அண்ணாதான், இப்போது எனக்குத் துணை. கூரையில் இருந்த பழைய அஸ்பெஸ்டாஸ் ஷீட்டெல்லாம் அப்பளம்போல நொறுங்கித் தரையில் கிடந்தது. கண்ணுக்குப் புகை தெரியவில்லை. ஆனால் அடியில் ஃபோம் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. வாசலில் நின்று, விஷவாயு இருந்தால் காட்டுகிற கேஸ் மீட்டரை நீட்டினேன். அது விடாமல் அலறியது.

"இன்னைக்கு உள்ள போக வேண்டாம்" என்றேன்.

"கைக்கு மேடம், எதுக்கு? புகையே இல்லையே" என்றார், இந்த ஊர்ப் பேச்சும் உன்னிடம் பழகிய தமிழும் கலந்து.

மீட்டர் காட்டியதை நான் குறித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் வாசல்படியிலேயே குந்தினார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். ஒரு பிடிச் சாம்பலை அள்ளிக் கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோனார். அச்சு அசலாக நீதான், அக்கா. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, அவர் கையைத் தட்டிவிட்டேன். சாம்பல் அவர் சட்டையெல்லாம் கொட்டியது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

"நக்கோ அண்ணா, வேணாம்! ஒரு ஆளைப் புதைச்சாச்சு, போதும்!"

"ஸ்டெல்லா மேடம் இப்படித்தானே செய்வாங்க?"

"அதனாலதான் வேணாங்கறேன்."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இருமல் வந்துவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினார். அந்த இருமல் எனக்குப் பழக்கமானது. நம் வீட்டு முன்னறையில் ஒரு வருஷம் கேட்டிருக்கிறேன்.

சற்று நேரத்தில் மேனேஜர் போனில் வந்தார். தீயணைப்பு ஆட்களே வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்களே, உங்களுக்கு மட்டும் என்ன பயம் என்று கேட்டார். "ஸ்டெல்லா இருந்திருந்தால் இந்நேரம் பாதி வேலை முடிந்திருக்கும்" என்றும் சொன்னார். "ஸ்டெல்லா ஏன் இல்லை சார்?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள்தான் மீட்டர் அமைதியானது. அப்போதும் அந்த அஸ்பெஸ்டாஸ் தூசி இருக்கிறதே! அதனால் இரண்டு பேரும் முகம் முழுக்க மூடுகிற மாஸ்க்கோடு போனோம். சாம்பலின்மேல் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கிளறினோம். மாதிரிகளை மூடி இறுகிய டின்களில் எடுத்து லேப்புக்கு அனுப்பினோம். போட்டிருந்த துணியை அங்கேயே கழற்றிப் பையில் கட்டிவிட்டு, மாற்று உடையில் வீடு திரும்பினேன். ரிப்போர்ட்டில் வாசனைக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: "முகரவில்லை. மாஸ்க் அணிந்திருந்தோம். மாதிரிகள் லேப்பில் உள்ளன."

ரிப்போர்ட் திரும்பி வந்தது. அதையே மறுபடியும் எழுதி அனுப்பினேன். இந்தத் தடவை ரிப்போர்ட்டோடு விளக்கம் கேட்கும் கடிதமும் வந்தது. இரண்டு நாள் தாமதம் ஏன்? மறைந்த ஸ்டெல்லா ஏற்படுத்திய நடைமுறையை மதிக்காதது ஏன்? உன்னைக் காப்பாற்ற ஒரு மாஸ்க் வாங்கித் தராதவர்கள், என்னை மடக்க உன் பெயரை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

வாசனைக் கட்டத்தில் "குறிப்பிடும்படி எதுவும் இல்லை" என்று எழுதினால் விட்டுவிடுகிறேன் என்கிறார் மேனேஜர். அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். "ஏட்டி, ஒரு வரிதான? எழுதிக் குடுத்துட்டு வேலையப் பாரேன். செத்தவ பேரை எதுக்குச் சந்திக்கு இழுக்க?" என்று அழுதாள். அந்த ஒரு வரியை எழுதினால் நான் முகர்ந்தேன் என்று ஆகிவிடும். நாளைக்கு யாதகிரி அண்ணாவும், அவருக்குப் பின்னால் வருகிறவரும் முகர வேண்டியிருக்கும். இதை அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

ஷைனி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாம் பேசுகிற தமிழ் புரியும், பதில் வருவது இங்கிலீஷில். "சித்தி, அம்மா வாஸ் ராங். யூ கேன் சே இட்" என்றாள். அப்போதுதான் நீ போனதிலிருந்து முதல் தடவையாக அழுதேன்.

உனக்கே தெரியும், அக்கா. ஒரு கேசில் நீ தின்னர் என்று எழுதினாய், லேப் அது எரிந்த ஃபோம் என்று சொன்னது. பிளாஸ்டிக்கும் ஃபோமும் எரிந்தால் அப்படித்தான் ஏமாற்றும். அதோடு, முகர முகர மூக்கே மரத்துப்போகும். லேப் முடிவு வந்த அன்றைக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாயே தவிர, மறுநாள் வேறொரு சாம்பலை முகரப் போய்விட்டாய். அத்தனை பேர் கை தட்டும்போது எப்படி நிறுத்துவாய்?

பதிலை எழுதி முடித்துவிட்டேன். தாமதத்துக்குக் காரணமாக மீட்டர் காட்டியதை நாள்வாரியாகக் கொடுத்திருக்கிறேன். நடைமுறையைப் பற்றிய கேள்விக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "ஸ்டெல்லா என் சொந்த அக்கா. அவள் கெட்டிக்காரி, நேர்மையானவள். அவள் வேலை செய்த முறை தவறு. அது தவறு என்று அவளிடம் சொல்லாமல் பாராட்டிக்கொண்டிருந்த நாம் எல்லோரும் அதைவிடப் பெரிய தவறு செய்தோம். வாசனைக் கட்டத்தைப் படிவத்திலிருந்து நீக்குங்கள்." அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. யாதகிரி அண்ணாவுக்கு மட்டும் படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பிறகு, "ஹவ் மேடம், ஆமா, நானும் போடறேன்" என்று சொல்லி, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

நீ இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாய். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டாய். அந்த ஒரு மாதத்துக்காக நான் எதையும் கொடுப்பேன், அக்கா.

சத்தியமாகச் சொல்கிறேன். இந்த வேலை என் கையில் இருக்கும்வரை, என்னோடு வருகிற ஒருவரையும் வெறும் மூக்கோடு எரிந்த கட்டடத்துக்குள் விடமாட்டேன். வேலை போனால், கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே போகிறவர்களிடம் அதையே சொல்வேன். என் அக்கா இப்படிப் போய்த்தான் செத்தாள் என்று உன் பெயரைச் சொல்லியே சொல்வேன்.

உன் பேச்சை மீறி உயிரோடு இருக்கப்போகிற,
உன் தங்கச்சி ஹெலன்