கடற்பாசி சூப்

போராம்,

சோறு குக்கரில் இருக்கிறது, கிம்ச்சி மேல்தட்டில். பாய்லர் பழுதுபார்க்க ஆள் வருவார். ஆங்கிலப் பத்திக்குள் தலையை விட்டுக்கொண்டு இருக்காமல் கதவைத் திற.

கடற்பாசி சூப்பைக் கொட்டிவிட்டேன். “நுழைவுத் தேர்வுக்கு ஒரு வாரம்தான் இருக்கு. வழவழப்பான கடற்பாசியைத் தின்னா பரீட்சையில வழுக்கிடும்னு ஊரே சொல்லுது, நான் இந்தத் தடவையும் வழுக்கி விழணும்னே இதை வெச்சியா?” என்று நேற்று கேட்டாய்.

எவனோ எழுதிய பத்தியைப் படித்து, அவன் மனதில் என்ன இருந்தது என்று ஐந்து விடைகளில் ஒன்றைத் தேடவே மூன்று வருடமாகப் படிக்கிறாய். அடுப்படியில் நின்றவள் மனதில் என்ன இருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

சாவி செருப்பு அலமாரி மேல்.

அம்மா

பி.கு. அந்தச் சூப் உனக்காக வைத்ததில்லை. பிறந்தநாளென்றால் எல்லா வீட்டிலும் அதைத்தான் வைப்பார்கள். நேற்று எனக்கு ஐம்பது முடிந்தது.