மாக்சிமுக்காகப் போட்ட கையெழுத்து

ஏப்ரல் 9, செவ்வாய்

மழை. படகுத்துறைப் பக்கம் யாரும் போகவில்லை.

பேரப்பிள்ளைகள் பெருமையை எழுதி வைக்கிறேன், எழுதினால் மனசு நிறைகிறது. மகன் வழிப் பேத்தி ஆன்யா ஆங்கரேஜ் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன மாதம் வார்டுக்கே தலைமையாக்கிவிட்டார்கள். அவள் தம்பி பாவெல் சின்ன விமானம் ஓட்டுகிறான். மற்றவர்கள் பனிமூட்டம் என்று திரும்பிப் போகிற நாளிலும் அவன் தபாலை இறக்கிவிட்டுத்தான் போவான். மகள் வழியில் மாக்சிம், சியாட்டில்காரர்களின் பெரிய படகில் வேலை. கேப்டனுக்கு வலது கையே அவன்தானாம், அவனே சொன்னான். அவன் தங்கை தெக்லா, இருபத்தாறு வயது, சொந்தமாகப் படகு வாங்கிவிட்டாள்! முப்பத்திரண்டு அடி. எங்கள் தீவில் இதற்கு முன் எந்தப் பெண் வாங்கினாள்? ஐந்தாவதோடு பள்ளியை விட்டவள் நான், என் வீட்டில் இப்படி நாலு பேர்.

படகு இருந்தால் போதுமா? ஹாலிபட் மீனை இன்னார் இத்தனை பவுண்டுதான் பிடிக்கலாம் என்று சர்க்கார் அளந்து வைத்திருக்கிறது. அந்த உரிமையை விற்கலாம், வாங்கலாம். கஷ்டகாலத்தில் நம் ஆட்கள் முக்கால்வாசியை வெளியூருக்கு விற்றுவிட்டார்கள். ஊர்ச் சங்கம் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கி, 'ஊர்ப் பங்கு' என்று வருஷா வருஷம் உள்ளூர்ப் படகுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. மே மூன்றாம் தேதி கூட்டம். தெக்லாவுக்குக் கிடைத்தால் இங்கேயே பிழைப்பாள். கிடைக்காவிட்டால் படகை விற்றுவிட்டு அவளும் போய்விடுவாள்.

ஏப்ரல் 12, வெள்ளி

மாக்சிம் போன் செய்தான். "பாட்டி, இந்த வருஷம் தங்கச்சி படகுல நான்தான் ஏறப்போறேன். அடுத்தவனுக்கு உழைச்சது போதும்."

சந்தோஷத்தில் அடுப்பில் மீன் சூப் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தான். ஊர்ப் பங்கு மீனைப் பிடிக்கிற படகில் வேலையாட்களும் பன்னிரண்டு மாதம் ஊரில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். இவன் ஏழு மாதமாக இந்தப் பக்கமே வரவில்லை.

"நான் வருஷம் பூரா உன் வீட்லதான் இருந்தேன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் பாட்டி. என் கட்டில் உன் வீட்லதானே கிடக்கு?"

கட்டில் கிடக்கிறது. ஆள் எங்கே?

அந்த விதி யாரால் வந்தது? என்னால். ஆறு வருஷம் முன்னால் ஒரு வெளியூர்ப் படகுக்காரன் இங்கே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து, உள்ளூர்க்காரன் என்று சொல்லி, தன் ஆட்களை வைத்தே ஊர் மீனை அள்ளிப் போனான். நம் பையன்கள் கரையில் நின்று பார்த்தார்கள். "மீன் ஊரோடதுன்னா வேலையும் ஊருக்குத்தான்!" என்று கூட்டத்தில் கத்தி, முதலில் கை தூக்கினவள் நான்.

ஏப்ரல் 15, திங்கள்

போட்டுவிட்டேன். சங்க அலுவலகத்தில் ஸ்டெபானிடாவிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான்.

அந்த 'சரிக்கா' காதைவிட்டுப் போகவே இல்லை.

ஏப்ரல் 20, சனி

எங்கள் ஊர் லுக்யான் வந்தான், புகைபோட்ட சால்மன் மீனோடு. தூண்டில் கயிறு கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் சொந்தப் படகில்லை, ஏற்றிக்கொள்வாரும் இல்லை.

"கோடியாக் டவுனுக்குப் போறோம்க்கா. மீன் கம்பெனியில வேலை இருக்காம்."

"பிள்ளைங்க?"

"அதுங்களும்தான். இங்க விட்டுட்டா போவேன்?"

அவன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துத்தான் பள்ளியில் இப்போது பத்துப் பேர். பத்துக்குக் கீழே போனால் சர்க்கார் பூட்டிவிடும். பக்கத்துத் தீவில் பூட்டினார்கள். இரண்டே குளிர்காலத்தில் அங்கே விளக்கெரிகிற வீடு நாலுதான் மிச்சம்.

சாயங்காலம் தெக்லா வந்தாள், முகம் சிவந்து.

"யாரு உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னது?"

"உங்க அண்ணன்தான்டி."

"போன குளிர்காலம் பூரா அந்தக் கட்டில்ல படுத்திருந்தது யாரு தெரியுமா? நீ மடிக்காம குவிச்ச துணி!"

சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. "கூட்டத்துல ஒருத்தர் எழுந்து கேட்டா என் பங்கு போச்சு, பாட்டி. கேக்கலைன்னா, எல்லாரும் தெரிஞ்சே கண்ணை மூடிக்கிட்டாங்கன்னு அர்த்தம், அது இன்னும் மோசம். அண்ணன் வரணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா நான் லுக்யானைக் கேக்கலாம்னு இருந்தேன்."

பெருமை என் கண்ணை மறைத்துவிட்டது.

ஏப்ரல் 28, ஞாயிறு

ஈஸ்டர். ரொட்டி இந்த வருஷம் தொப்பி மாதிரி உப்பி எழுந்தது.

ஏப்ரல் 30, செவ்வாய்

ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். "ஸ்டெபானிடா, அந்தத் தாளைத் திருப்பிக் குடு."

மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்தாள். கோப்பில் சேர்க்கவே இல்லை. "மறந்துட்டேன்க்கா" என்றாள். அவளா மறப்பாள்? என் பிறந்த நாளே எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

மாக்சிமிடம் சொன்னேன். "உனக்குப் பேரனைவிட ஊர்தான் பெருசு" என்று போனை வைத்துவிட்டான். கொஞ்சம் அழுதேன். அவன் கட்டிலில் கிடந்த துணியை எல்லாம் மடித்து வைத்தேன்.

மே 3, வெள்ளி

கூட்டம். தெக்லா எழுந்து, வேலையாள் லுக்யான் என்றாள். கிழவர் யெஃபிம் சும்மா இருப்பாரா? "பொம்பளைப் படகுல ஏறுறியாடா? உன்னைச் சமைக்க விட்டுருவா!"

"சமைச்சா சாப்பாடாவது கிடைக்கும் பெரியப்பா. உங்க படகுல டீத்தண்ணிகூடக் கண்டதில்லையே."

லுக்யான் இப்படிச் சொன்னதும் கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. யெஃபிமும் சிரித்துக்கொண்டேதான் கை தூக்கினார். தெக்லாவுக்குப் பங்கு கிடைத்தது.

மே 12, ஞாயிறு

மாக்சிம் கூப்பிட்டான். பத்து நிமிஷம் காற்று, மழை என்று பேசினான். வைக்கிற நேரத்தில், "லுக்யான் தூண்டில் நல்லாக் கட்டுவான், பாட்டி. செப்டம்பர்ல வந்து ஊர்லயே தங்கிடறேன். பன்னெண்டு மாசம் முடிச்சிட்டு முறையாக் கேக்கறேன்."

வருவான். வராவிட்டாலும் என்மேல் அவனுக்குக் கோபமில்லை என்பது தெரிந்துவிட்டது.

மே 21, செவ்வாய்

முதல் மீன் வந்தது. விற்கிறதைக் கம்பெனிக்கு எடை போட்டுவிட்டு, வீட்டுக்கென்று வைத்த பெரியதைத் துறையிலேயே வெட்டி எல்லா வீட்டுக்கும் பங்கு வைத்தாள் தெக்லா, எங்கள் வழக்கப்படி. கன்னச் சதை வயசானவர்களுக்கு. எனக்கும் வந்தது, வெண்ணெயில் வதக்கித் தின்றேன். லுக்யான் மனைவி கட்டி வைத்திருந்த பெட்டிகளைப் பிரித்துவிட்டாளாம். டீச்சரம்மா அடுத்த வருஷத்துக்கும் பிள்ளைகள் இரண்டின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

தெக்லா போனில் ஒரு படம் காட்டினாள். அவளும் மீனும் நடுவில், லுக்யான் ஓரத்தில் அரை முகம், பிள்ளைகள் இல்லவே இல்லை. போனில் இருக்கிறதைச் சுவரில் மாட்ட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் படகில் நிற்க வைத்துப் புதுப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். லுக்யான் முழுசாகத் தெரியணும், அவன் மனைவி, பிள்ளைகள் இரண்டும் தெரியணும். ஆன்யா அதை ஆங்கரேஜில் பெரிதாக அச்சடித்து எனக்குத் தபாலில் அனுப்பட்டும். சீக்கிரம்.