பாலத்துக்கு இந்தப் பக்கம்

இன்று மாலையும் உன் ஹெட்செட்டைக் காதில் மாட்டியதும் அதன் பஞ்சிலிருந்து உன் தலை எண்ணெய் வாசனை வந்தது. துடைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று நாம் இழுத்துக்கொண்டே இருந்தோமே, அந்த இரண்டு கேம்களுக்கும் ஒரே நாளில் தள்ளுபடி அறிவித்திருக்கிறார்கள். உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நீ சேலை டிசைன் வேலையில், கம்ப்யூட்டரில் புட்டாவும் பார்டரும் வரைந்து முடித்து வருவாய். நான் ஏனாத்தூர் கல்லூரி அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்து வருவேன். செவிலிமேட்டில் உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அந்த இரண்டு கேம்களின் இலவச டெமோவையும் மாற்றி மாற்றி விளையாடுவோம். இரண்டிலும் கதாநாயகி வாள் பிடித்த ஒருத்திதான். சண்டை போட்டுப் போட்டுப் பலம் ஏற்றிக்கொள்ள வேண்டும். எனக்கு முதலாவது பிடித்தது. நல்ல வேகம், விதவிதமான ஆயுதம், பெரிய நகரம், நம் பழைய கிராபிக்ஸ் கார்டிலும் திணறாமல் ஓடும். இரண்டாவது மெதுவானது. ஒரு வீச்சு தவறினால் செத்தோம். ஆறு, பனிமூட்டம், காலி வீடுகள், ஒரு நீளமான பாலம். நீ அதைத்தான் பிடித்துக்கொண்டாய்.

"அதுல ஊரு பெரிசுடி, ஆளுங்க எல்லாம் பொம்மை," என்றாய். "இதுல ஆளே இல்ல. ஆனா யாரோ இருக்கிறாப்பல இருக்குது."

இருவரும் ஒத்துக்கொண்டால்தான் வாங்குவது என்று பேச்சு. அதற்குள் மழைக்காலத்துக் காய்ச்சல் உனக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் சிரித்தபடி, "நான் வர்ற வரைக்கும் பாலத்தத் தாண்டிடாதடி" என்றாய். நீ வரவில்லை.

காரியம் முடிந்து சில நாள் கழித்து, என் வீட்டிலிருந்து உன் கணக்கில் நுழைந்து அந்த டெமோவைத் திறந்தேன். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் கடைசியாக விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உனக்குத் தெரியும். பாலத்துக்கு இந்தப் பக்கம், நீ நிறுத்திய இடத்திலேயே அவள் நின்றாள். நான் ஒரு பட்டனையும் தொடவில்லை. பார்த்துவிட்டு மூடினேன். தினமும் அப்படியே.

ஒருநாள் அவள் பாலத்தின் நடுவில் நின்றாள். மறுநாள் திறந்தால் மறுபடியும் இந்தக் கரையில். அடுத்த வாரமும் அதேபோல் நடுவில், பிறகு கரையில். யாரோ உன் கணக்கைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்து உன் வீட்டுக்குப் போனேன்.

உன் கம்ப்யூட்டர் முன்னால் உன் அம்மா உட்கார்ந்திருந்தார். திரையில் பனிமூட்டம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோது நீதான் சொல்லிக் கொடுத்தாயாம், இந்தப் பட்டனை அழுத்தினால் நடப்பாள் என்று.

"எனக்கு முன்னால போற பட்டன் மட்டுந்தான் தெரியும்மா," என்றார். "அவ நடக்கிறதப் பாத்துக்கினு இருப்பேன். கொஞ்ச தூரம் போனதும் பயமா இருக்கும், நிறுத்திடுவேன். மறுநாள் பாத்தா கரைக்கே திரும்பி வந்து நிக்கிறா." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "நீதானம்மா கொண்டாந்து வுடுற?"

கேம் கோளாறாக இருக்கலாம். சேமித்தது சரியாகப் பதியாமல் இருந்திருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வேறு பதில் வந்தது.

"ஆமாம்மா, நான்தான்."

"அப்படித்தான் நெனச்சேன்," என்று பெருமூச்சு விட்டு எனக்குக் காபி போட எழுந்து போனார். அந்த அறையில் தனியாக இருக்க முடியாமல் நானும் பின்னாலேயே போனேன்.

டெமோவை இந்த மாதத்தோடு எடுத்துவிடப் போகிறார்களாம். முழு கேமை வாங்கினால்தான் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதனால் ஒப்பிட்டதெல்லாம் போதும் என்று இன்று உன் கணக்கில் உன் கேமையே வாங்கிவிட்டேன். வேகமும் பெரிய நகரமும் வேண்டியதில்லை. நீ ஜெயித்தாய்.

தினமும் காலையில் உன் அம்மா போன் செய்வார். "கரைக்குக் கொண்டாந்து வுட்டியாமா?" என்பார். "வுட்டுட்டேன்மா" என்பேன். உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த வேலை அதுதான். போனை வைத்த பிறகே கேமைத் திறந்து பார்ப்பேன். அவள் கரையில்தான் நிற்பாள். இதுவரை ஒருநாளும் என் பொய்யை நீ காட்டிக்கொடுக்கவில்லை.