வெள்ளி போனப்புறம்

அன்புத் தங்கச்சி ருக்ஸானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெர்த்தில் நீயும் உன் வீட்டுக்காரர் தம்பி சேக் தாவூதும் நல்ல சுகத்தோடு இருக்க துஆ செய்கிறேன். பிடோக்கில் நாங்கள் இருக்கிறோம்.

உறையைப் பிரிக்கும்போதே பயந்திருப்பாய். பயப்படாதே, மௌத்துச் செய்தி இல்லை. எழுத்தைப் பார்த்து கோழி கிளறினது என்று சிரித்திருப்பாய். சிரித்துக்கொள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் கை இவ்வளவுதான் ஓடும். போனில் பேசலாம் என்றால் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். பல்லை அடைத்தால் விஷம், கூடப்பிறந்த லாத்தாவை அடைத்தால் சுகம் போலிருக்கிறது. டீச்சர் வேலை பார்க்கிறவள், உனக்குத்தான் தெரியும்.

உன் மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இன்னும் எழும்பவில்லை. தேக்கா மார்க்கெட் கடையில் முர்தபாக் ரொட்டிக்கு மாவை விசிறி வீசின கை, இப்போது தலையணை மேல் மீன் மாதிரி கிடக்கிறது. இடது கையால் கஞ்சி குடிக்கிறார். பாதி உள்ளே, பாதி சட்டைக்கு. சட்டைக்கும் பசிக்கும்தானே என்று சொன்னேன். முன்பெல்லாம் நான் ஒரு கேலி செய்தால் அவர் பத்து திருப்பித் தருவார். இப்போது பேச்சே வரவில்லை. எதிரே ஆள் இல்லாமல் பேட்மிண்டன் ஆடுகிற மாதிரி இருக்கிறது எனக்கு. பந்தை நானே அடித்து நானே பொறுக்கி வருகிறேன்.

சரி, நடந்ததைப் பேசாமல் நாம் எத்தனை நாள் இருப்பது? நீ குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பேசிவிட்டுப் போய்விட்டாய். நான் ஒரு கேலியோடு நிறுத்திக்கொண்டேன். இப்போது பேசுகிறேன்.

நீ சத்து மாத்திரைப் புட்டிகளை அனுப்பினபோது கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜும் போட்டாய். அதில் அமால்கம் என்றாய், டாக்சின் என்றாய், இன்னும் என்னென்னவோ சொன்னாய். உன் மச்சானும் நானும் போனை நடுவில் வைத்துக்கொண்டு ரெண்டு மூன்று தடவை கேட்டோம். அவ்வளவிலும் எங்களுக்குப் புரிந்தது ஒரே ஒரு வரி. 'லாத்தா, வெள்ளி போனப்புறம்தான் மச்சான் மாத்திரைய ஆரம்பிக்கணும், மறந்துடாதீங்க.' நாங்கள் மறக்கவில்லை. அவர் ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை போனது. சனிக்கிழமை காலையில் பிஸ்மில்லா சொல்லி முதல் மாத்திரையை விழுங்கினார். தங்கச்சி நல்ல நாள் பார்த்துச் சொல்லியிருக்கிறாள் என்று எனக்குப் பெருமை வேறு.

அவர் கடைவாய்ப் பல்லில் இருப்பதை நாங்கள் என்றைக்கு வெள்ளி என்று சொன்னோம்? சிமெண்ட் வைத்த பல் என்றுதானே சொல்வோம். சிமெண்டுக்கு வெள்ளி என்று பேர் இருப்பது படித்த உங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும்.

அவர் தலையில் ரத்தம் கசிந்து ஐசியுவில் கிடந்த அன்றைக்கு, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருக்கிற குரூப்பில் நீ பேசினதை நான் அழிக்கவில்லை. 'வெள்ளி போனப்புறம்னு தெளிவா சொன்னேன் லா. பல்லுல மெட்டல வச்சுக்கிட்டே கொடுத்திருக்காங்க. மெர்குரி நேரா தலைக்கு ஏறிடுச்சு. படிக்காதவங்ககிட்ட சொன்னது என் தப்பு.' நான் என்ன பதில் போட்டேன்? அப்ப வியாழன் எந்தப் பல்லுல இருக்குன்னு கேட்டேன். உடனே நீ குரூப்பை விட்டுப் போனாய். ஐசியு வாசலில் உட்கார்ந்துகொண்டு கேலி செய்கிறாளே என்று உனக்குக் கோபம். அழ ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று எனக்குப் பயம், அதனால் செய்தேன்.

அங்கே டாக்டர் வர்ஷா என்று ஒரு பிள்ளை. வீட்டில் இருக்கிற புட்டி அத்தனையும் கொண்டு வாங்கம்மா என்றது. கொண்டுபோய்க் கொட்டினேன். ஒரு புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. வைட்டமின் ஈயாம், அளவு ரொம்ப அதிகமாம். உன் மச்சான் இதய ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் இல்லையா? ரெண்டும் சேர்ந்தால் ரத்தம் கசிகிற ஆபத்து கூடுமாம். இதனால்தான் ஆச்சு என்று அடித்துச் சொல்ல முடியாதும்மா, ஆனா இதை எங்ககிட்ட சொல்லியிருக்கணும் என்றது.

முன்பே கிளினிக்கில் கேட்டார்கள், ருக்ஸானா. வேற மருந்து ஏதும் சாப்பிடுறீங்களா அங்கிள் என்று. அவர் இல்லை என்றார். பக்கத்தில் இருந்து நானும் தலையாட்டினேன். நாங்கள் பொய் சொல்லவில்லை. சத்து மாத்திரையை யார் மருந்து என்று நினைப்பார்கள்? நீகூட, இது மருந்தில்ல மச்சான், சாப்பாடு மாதிரின்னுதானே சொன்னாய்.

பல்லைப் பற்றியும் கேட்டேன், உனக்காக. அந்த அடைப்பில் பாதரசம் கலந்திருப்பது உண்மைதான், ஆனால் இறுகிப்போய்க் கிடக்கிறது, உடையாமல் இருந்தால் அது பாட்டுக்கு இருக்கட்டும், நோண்டி எடுக்கும்போதுதான் ஆவி கூடுதலாக வரும் என்றது. அப்போ வெள்ளி போயிருந்தால் என் வீட்டுக்காரர் தப்பியிருப்பாரா என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைம்மா என்றது. ஆக நான் கிழமை என்று நினைத்ததும் தப்பு, நீ பல் என்று சொன்னதும் தப்பு. என் தப்பை மட்டும் ஊரே கேட்டது.

இதற்காக மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன்.

போன வாரம் உன் மகள் ஹம்னா பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்தாள். ஐந்து மாத வயிறு, அழகாக இருக்கிறாள். உன் மச்சானுக்கு மீன் குழம்பு கொண்டு வந்தாள். பையிலிருந்து பாத்திரத்தை எடுக்கும்போது கூடவே ரெண்டு புட்டி வெளியே உருண்டது. நீ அனுப்பினது. பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. உட்கார வைத்துக் கேட்டேன்.

ஸ்கூல் படிக்கும்போது அடைத்த ரெண்டு பல்லையும் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பாதரசம் குழந்தைக்குப் போகும் என்று சொல்லியிருக்கிறாயாமே. இங்கே பல் டாக்டர், கர்ப்பமா இருக்கீங்க, அடைப்பு நல்லாத்தான் இருக்கு, பிரசவம் ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். அதனால் பாலம் தாண்டி ஜொகூரில் வேறொரு பல் டாக்டரைப் பிடித்து, வயிற்றில் பிள்ளை இருப்பதை அவரிடம் சொல்லாதே என்றாயாமே. மாத்திரை சாப்பிடுவதைப் பிரசவம் பார்க்கிற டாக்டருக்குச் சொல்லாதே என்றாயாமே. அதில் ஒன்றில் வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது. வர்ஷாவுக்குப் போட்டோ அனுப்பிக் கேட்டேன். பிள்ளைத்தாய்ச்சி அவ்வளவு சாப்பிடக்கூடாது, குழந்தைக்கு ஆபத்து, உடனே நிறுத்தச் சொல்லி அவங்க டாக்டர்கிட்ட அனுப்புங்க என்று பதில் வந்தது.

ஹம்னாவிடம் சொன்னேன். அவள், 'பெரியம்மா, அவ்ளோ தூரத்துல இருந்துக்கிட்டு உம்மா எனக்காகத்தானே சொல்றாங்க. நான் மாட்டேன்னா அழுவாங்க. உம்மா வேணாம்னு சொன்னா நிறுத்திடறேன்' என்றாள். உன் பேச்சுக்கு அவ்வளவு மரியாதை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

உன் மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். இடது கையை நீட்டி அவள் கையிலிருந்த புட்டியைப் பிடித்துக்கொண்டார். வே, வே என்றார். அதற்கு மேல் வரவில்லை. வேர்த்துப்போய் விட்டது. பிள்ளை, என்ன பெரியத்தா, வேர்க்குதா என்று விசிறி எடுக்கப் போனாள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. கேட்டால் கேலிதான் செய்வேன். குரூப்பில் வந்து தப்பை ஒத்துக்கொள் என்றும் சொல்லவில்லை. படிக்காதவள் பேர் எனக்கே இருக்கட்டும், பழகிவிட்டது. நீ என்னோடு பேசவே வேண்டாம். உன் மகளோடு பேசு. உன் மச்சானால் முடிக்க முடியாத அந்த ஒரு சொல்லை நீ முடித்து வை.

ஜொகூருக்குப் போக அவளுக்கு வருகிற மாதம் முதல் வெள்ளிக்கு நாள் குறித்திருக்கிறது. அந்த வெள்ளி போனப்புறம் நீ சொல்லி ஒன்றும் ஆகாது. இந்தத் தடவை கிழமையைத்தான் சொல்கிறேன்.

அல்லாஹ் உன் நாக்கில் அந்தச் சொல்லை வைப்பானாக. ஆமீன்.

உன் லாத்தா
சம்சுன்னிசா