சூட்டோடு ஊற்றிய நெய்

நீ போன பிறகு நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, நம் மகள் வீட்டோடு வந்துவிட்டேன். இன்று காலை கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, முருங்கைக்கீரை போட்டு நெய் உருக்கும் வாசம் வந்தது. ஒரு காலத்தில் அந்த வாசத்துக்கே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவேன். இப்போது நெய்யைத் தொடுவதே இல்லை. எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை ஒரு கண்ணாடி பாட்டிலைக் குழாயில் அலசி, ஈரத்தோடு கல் மேடையில் வைத்துவிட்டு, நெய்ச்சட்டியைத் துணி பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் மாப்பிள்ளை" என்றேன்.

"நல்ல கனமான பாட்டில்தான் மாமா, ஒண்ணும் ஆகாது. அப்படியே உடைஞ்சாலும் திருஷ்டி கழிஞ்சுதுன்னு விட்டுருவோம்" என்று சிரித்தார்.

அந்தப் பேச்சை நம் ராஜபாளையம் வீட்டில் எத்தனை தடவை பேசியிருப்போம்! சுக்குக் கஷாயம் ஊற்றிய டம்ளர் விரிசல் விட்ட அன்று நீ சொன்னாய். ஊறுகாய்க்குக் காய்ச்சிய எண்ணெயைச் சூட்டோடு ஊற்றி, பாட்டிலின் அடி அறுத்து எடுத்தது மாதிரி கழன்றுகொண்டதே, அன்று நான் சொன்னேன். மிளகாயும் உப்பும் எடுத்து உனக்குச் சுற்றிப் போட்டேன். ஏன் உடைந்தது என்று மட்டும் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. போலீஸ் வேலையில் ஊரையெல்லாம் துருவித் துருவி விசாரித்தவன், வீட்டில் உடைந்த பாட்டிலை விசாரிக்கத் தெரியாத மடையனாக இருந்தேன்.

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். அவளுக்கு நெய் கொண்டுபோய்க் கொடுக்கக் கிளம்பினோம். இருப்பதிலேயே கனமான பாட்டிலை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அலசியவன் நான்தான்.

"கொஞ்சம் ஆறட்டுங்க. இம்புட்டுச் சூட்டோட ஊத்த வேண்டாம்" என்றாய்.

"ஏட்டி, பஸ்ஸு போயிரும். பாட்டிலப் பிடி."

பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகிற பாதை அது. நீ பிடித்தாய். பாதி ஊற்றும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம், பல்லி சொல்வது போல. பாட்டிலின் கழுத்து உன் கையில் நின்றது. நெய் முழுவதும் உன் வலது பாதத்தில் கொட்டியது.

பற்பசை எடுத்துத் தடவினேன். அந்தக் கெட்டிக்காரத்தனமும் என்னுடையதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு இருந்த திருஷ்டியெல்லாம் என் காலோட போகட்டும்" என்றாய். சர்க்கரை உள்ள உடம்பு, புண் ஆறவில்லை. இரண்டாம் வாரம் சுண்டுவிரல் கறுத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "செருப்புக் கடிச்ச புண்ணு, சர்க்கரையினால பெருசாயிருச்சு" என்றேன். மகளிடமும் அதையே சொன்னேன். நீ கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தாய். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. புண்ணின் விஷம் உடம்பெல்லாம் ஏறி, பேத்தியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டாய்.

இன்று மாப்பிள்ளையிடமிருந்து சட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கீழே வைத்தேன். பாட்டில் காய்ந்திருக்க வேண்டும், மடித்த துணிமேல் வைக்க வேண்டும், நெய் கை பொறுக்கும் சூட்டுக்கு வர வேண்டும், உள்ளே சுட்டு வெளியே குளிர்ந்திருக்கும் கனமான பாட்டில்தான் முதலில் விரிசல் விடும் என்று கத்தினேன். கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மகள், சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அவளைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செருப்புக் கடி பொய் என்பதையும் சொன்னேன்.

"தெரியும்பா. அம்மா மதுரையில வச்சே சொல்லிட்டாவ" என்றாள்.

"பொறவு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"'அவிய வாயால சொல்ற அன்னைக்குக் கேட்டுக்கோ, அதுவரைக்கும் நீயா வாயத் தொறக்கக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள். ஆறு வருஷமாக அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் சோற்றைப் போட்டுவிட்டு, நான் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நீ வாங்கிய சத்தியம் என்னைக் காப்பாற்றவா, காத்திருந்து பிடிக்கவா? உன்னிடம் கேட்க முடியாத இந்தக் கேள்வியை இனி நான்தான் சுமக்க வேண்டும்.

மாப்பிள்ளை வேலைக்குப் போய்விட்டார். பேத்தி பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் இப்போதுதான் நின்றது. நான் சொல்லிவிட்டதால் உன் சத்தியம் இனி அவளைக் கட்டிப்போடாது. என்ன கேட்கப்போகிறாளோ, கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.