துணிக்குள் இருந்த சிவப்பு நகங்கள்

ஜெனெல்,

பீன்ஸ் சூப் ஃபிரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு. வாசல் பனியைத் தள்ளிவிட்டேன்.

நேற்று உடற்கூறு வகுப்பில் பாதத்தின் முறை. காயாமலிருக்க மாதக்கணக்காகப் பாதத்தைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தேன். உடலைத் தானம் தந்த அந்தக் கிழவியின் கால் நகங்களில் பளபளவென்று சிவப்பு நெயில் பாலிஷ்! கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். உள்ளங்காலில் நான்கு அடுக்குச் சின்னத் தசைகள், நிற்கும்போது தடுமாறாமல் பிடிப்பவை. அவளுக்கு நூலாய் இளைத்திருந்தன. “இவங்க எழுந்து நின்னே வருஷக்கணக்கா ஆகியிருக்கும்” என்றார் பேராசிரியர். அப்படியென்றால் வேறு யாரோதான் குனிந்து பூசியிருக்கிறார்கள்.

சனிக்கிழமைதோறும் முதியோர் இல்லத்தில் நம் அம்மாவின் கால் நகங்களுக்கு நீ பூசிவிடுவதைப் பார்த்து, “நடக்கவே முடியாதவங்களுக்கு எதுக்குடி இதெல்லாம்?” என்று கத்தினேனே.

கோரின்

பி.கு.: இந்தச் சனிக்கிழமை நானும் வருகிறேன். இடது காலை எனக்கு விட்டுவை.