இருபத்திரண்டு விநாடி

11.6.84, திங்கள்
காற்று, புழுதி. எழுந்ததும் தலைவலி, வழக்கம்போல். பள்ளி திறந்து ஒரு வாரம்தான். அதற்குள் பாடம் நடத்தும்போதே கண் சொருகுகிறது. மதியம் ஆசிரியர் அறை நாற்காலியில் தூங்கிப்போனேன். விழித்தால் எதிரே பி.டி. மாஸ்டர், கையில் ஸ்டாப்வாட்ச்.
"அண்ணே, இருபத்திரெண்டு செகண்டு மூச்சே இல்லண்ணே! தமிழய்யா மாலை வாங்க ஆள் விடலாமாங்கறாரு."
பின்னாலிருந்து தமிழய்யா: "யோவ், நான் சோடாவுக்குய்யா சொன்னேன்."
விளையாட்டில் என் பெயரில் பதிவான முதல் சாதனை.

12.6, செவ்வாய்
டாக்டர். பிரஷர் 170/110. மாத்திரை மூன்றாம் முறையாக மாற்றம். ஸ்டாப்வாட்ச் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். சிரிக்கவில்லை. தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். ரத்தத்தில் பிராணவாயு குறைய, உடம்பு பயந்து ரத்தக்குழாய்களை இறுக்குகிறது. இரவெல்லாம் இதே கூத்து. பகலிலும் இறுக்கம் தளர்வதில்லை. இப்படியே போனால் இதயம் தடித்து, ஒருநாள் நிற்கும். ஆக, நான் தூங்க, அது ஓவர்டைம் பார்த்திருக்கிறது.
"எத்தன வருசமா சார் இப்படி? பக்கத்துல படுக்குறவங்களுக்குத்தான் தெரியும். அடுத்த தடவ வீட்ல அவங்களக் கூட்டிட்டு வாங்க."
தலையாட்டினேன். ஸ்டெல்லா தஞ்சாவூரில். மகள் ஜான்சியின் பேறுகாலத்துக்குப் போனவள். பேரனுக்கு இப்போது ஆறு பல்.

13.6, புதன்
செய்ய வேண்டியவை: உப்பு குறைக்க. மல்லாந்து படுக்காதிருக்க. ஸ்டெல்லாவுக்கு எழுத.
முதலிரண்டும் செய்தாயிற்று. கடிதம் 'நலம்' என்பதைத் தாண்டவில்லை. ராத்திரிக்கு நாலு தடவை உலுக்குவாள், "திரும்பிப் படுங்க" என்று. "மனுசனத் தூங்க விடமாட்டியா?" என்று கத்தி, அவள் கட்டிலை முன்னறைக்கு மாற்றியவன் நான். அடுத்த மாதம் ஊருக்குப் போனாள்.

15.6, வெள்ளி
தபாலாபீஸ். தஞ்சாவூருக்கு, ஸ்டெல்லாவுக்கு ட்ரங்க் கால். ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. எனக்குப் பின்னால் ஏழு பேர், அத்தனையும் காது.
"தூங்கும்போது எனக்கு மூச்சு நிக்குமா?"
"நிக்கும்."
"எத்தன வருசமா?"
"ஜான்சி வயித்துல இருந்தப்பவே. எண்ணுவேன். இருபது வந்தா உலுக்குவேன்."
"சொல்லலையே நீ."
"குறட்டைன்னு சொன்னதுக்கே நாலு நாள் பேசல." கொஞ்சம் இரைச்சல். பிறகு, "இப்ப யாரு எண்ணுறா?"
ஏழு பேர் முன்னால் 'யாருமில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று நிமிடம் முடிந்தது. வைத்துவிட்டேன்.

16.6, சனி
தூக்கமில்லை. காலையில் மறுபடி தபாலாபீஸ். தந்தி. ஒரே சொல்: வா.
கவுண்டர்காரர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "சார், இம்புட்டுத்தான் போச்சுன்னா, வீட்ல யாரோ செத்துட்டாங்கன்னு அழுதுக்கிட்டுல்ல வருவாங்க."
நியாயம். தாளை வாங்கி, 'வா'வுக்கு முன்னால் சேர்த்தேன்: உயிரோடு இருக்கிறேன்.